நாய், பூனை நோய்த்தடுப்பு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

புதிதாக நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ எடுத்து வருபவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. தடுமாறுவது வரிசையில்தான். வந்த அன்றே குளிப்பாட்டுவார்கள், மறுநாள் கடையில் கேட்டு ஒரு பூச்சி மருந்து கொடுப்பார்கள், இரண்டு ஊசி போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நின்றுவிடுவார்கள். மருந்தைவிடத் தேதிக் கணக்கில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி, வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே போகிறது. மருந்தின் அளவை மட்டும் உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. குட்டி வரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எடை பார்க்கும் கருவி, ஒரு நோட்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், பூனையானால் மூடியுள்ள கேரியர் பெட்டி, இரண்டு தொலைபேசி எண்கள். இவ்வளவுதான். ஷாம்பு, பவுடர், வாசனை ஸ்ப்ரே எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. புழு மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே கிலோ கணக்கில் கொடுக்கப்படுகின்றன. வளரும் குட்டியின் எடை சில வாரங்களிலேயே இரட்டிப்பாகிவிடும். போன மாத எடைக்கு இந்த மாத மருந்தைக் கொடுத்தால் அளவு போதாமல் புழு தப்பிவிடும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்தால் நாயின் எடை. பூனைக்குட்டிக்கு இந்த முறை ஒத்துவராது, அரைக் கிலோ வித்தியாசம் அதற்குப் பெரிய விஷயம். சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து கிராம் கணக்கில் பாருங்கள்.

நோட்டில் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: தேதி, எடை, மருந்தின் பெயர், கொடுத்த அளவு, அடுத்த தேதி. கடைசியில் உள்ளதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள்.

கேரியர் பெட்டியை முதல் நாளிலிருந்தே திறந்து வைத்து, உள்ளே துணி விரித்து, அதிலேயே சாப்பாடு வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் வெளியே வரும் பெட்டியைக் கண்டால் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். பல பூனைகள் வருடக்கணக்கில் டாக்டரைப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த ஒரு சின்ன விஷயமே காரணம்.

எண்களில் ஒன்று வழக்கமான டாக்டருடையது, இன்னொன்று இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையுடையது. இரண்டாவதைத் தேவைப்படும் இரவில் தேடக் கூடாது.

2. முதல் இரண்டு வாரம் தனியறை

வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, மணல் தட்டு எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. நோய்க்கிருமி உள்ளே போய் அறிகுறி தெரிய நாளாகும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் வெளிப்படப் பெரும்பாலும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். துள்ளி விளையாடும் குட்டி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

உங்கள் வீட்டில் முன்பு பார்வோவில் ஒரு குட்டி இறந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கைக்குத் தடவும் ஆல்கஹால் சானிடைசருக்கு அது சாகாது. மலம், அழுக்கு எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். கழுவாமல் நேரே ப்ளீச் ஊற்றினால் அழுக்கே அதன் வேலையைக் கெடுத்துவிடும். ஃபீனால் கலந்த தரை சுத்திகரிப்பான் பூனை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

3. முதல் பரிசோதனை

வந்த முதல் சில நாட்களுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள், ஊசி போடும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்று காலை எடுத்த மலத்தைச் சின்ன டப்பாவில் கொண்டு போனால் அங்கேயே புழு முட்டை பார்த்துவிடலாம். பழைய மாதிரியில் முட்டை பொரிந்து, பார்ப்பதே குழப்பமாகிவிடும்.

டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுத வேண்டியவை: பல்லைப் பார்த்து மதிப்பிட்ட வயது, இதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதா, தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, ஆண் குட்டியானால் இரண்டு விதைகளும் கீழே இறங்கிவிட்டனவா. இனி வரும் தடுப்பூசித் தேதிகள் எல்லாம் வயதை வைத்துத்தான். "இரண்டு மாதம் இருக்கும்" என்று கொடுத்தவர் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பூனையானால், பூனை லுகீமியா வைரஸுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸுக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பழைய பூனையோடு சேர்க்கும் முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

4. குடற்புழு நீக்கம்

நாய்க்குட்டிகளுக்கு உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே வந்துவிடும். பூனைக்குட்டிகளுக்குத் தாய்ப்பாலில் வரும். ஆகவே "வெளியே போகாத குட்டிக்கு ஏன் புழு மருந்து" என்ற கேள்விக்கே இடமில்லை. நாய்க்குட்டிக்கு 2 வார வயதிலும் பூனைக்குட்டிக்கு 3 வார வயதிலும் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தாய்ப்பால் மறக்கும்வரை கொடுப்பது வழக்கம். அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பெரிதானபின் இடைவெளி அதன் வாழ்க்கையைப் பொறுத்தது. வேட்டையாடும் பூனைக்கும், வெளியே சுற்றி எதையும் வாயில் வைக்கும் நாய்க்கும் அடிக்கடி தேவைப்படும்.

ஒரே தடவை கொடுத்துவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. பெரும்பாலான மருந்துகள் குடலில் அந்த நேரம் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடலின் வேறு பகுதிகளில் அலையும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும், அவற்றுக்காகத்தான் அடுத்த தவணை.

இன்னொரு தவறு, எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பது. பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், நாடாப்புழுவுக்குக் கேட்காது. அதற்கு பிராசிக்வான்டெல் வேண்டும். வாலுக்கு அடியில் முடியில் சின்ன வெள்ளை விதை போல ஒட்டிக்கொண்டு, சில நேரம் நெளியவும் செய்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே கதைதான்.

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் கிடந்து முதிர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

5. தடுப்பூசி: 16 வாரம் என்ற எண்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பாற்றும், அதே சமயம் நாம் போடும் தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்யும். அந்தச் சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்ளேயே மாறும். ஒன்றுக்கு 8 வாரத்தில் தீரும், இன்னொன்றுக்கு 14 வாரம் தாண்டியும் இருக்கும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்வரை ஊசி போடுகிறார்கள். எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால் பல முறை முயல்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

இதிலிருந்து ஒன்று புரியும்: எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிட, கடைசி ஊசி எந்த வயதில் போட்டோம் என்பதுதான் முக்கியம். "மூன்று போட்டாச்சே" என்பவர்களிடம் தேதி கேட்டால் மூன்றாவது 12 வாரத்தோடு முடிந்திருக்கும். நான் பார்த்தவரை, ஊசி போட்டும் பார்வோ வந்தது என்று புலம்பும் வீடுகளில் இந்தக் கணக்குதான் இடித்திருக்கிறது.

நாய்க்கு அவசியமானவை பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி தரும் அடினோ வைரஸ், ரேபிஸ். எலிக்காய்ச்சல் இருக்கும் பகுதிகளில் லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியும் சேரும். அதற்கு முதலில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும், ஏனென்றால் அந்தப் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்காது. பூனைக்குப் பேன்லூக்கோபீனியா (பூனைகளின் பார்வோ போன்ற நோய்), சளி நோய் தரும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்கள் மூன்றுக்கும் ஒரே ஊசியில் வரும். ரேபிஸ் தனி. இளம் பூனைகளுக்கு லுகீமியா ஊசி பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள்.

ரேபிஸ் ஊசியைப் பொதுவாக 12 வாரம் நிறைந்ததும் போடுகிறார்கள். ஒரு வருடத்தில் அடுத்தது, அதன்பின் இடைவெளி அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் மருந்தின் லேபிளையும் பொறுத்தது. வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கும் இது வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை, மனிதர் உட்பட. உங்கள் செல்லப்பிராணியை வேறு விலங்கு கடித்தால், ஊசி போட்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். உங்களைக் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

குட்டிக்கான இந்த ஊசித் தொடர் முடிந்தபின் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு பூஸ்டர், அதாவது வலுவூட்டும் ஊசி, உண்டு. அதற்குப் பிறகு பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பதே இப்போதைய பரிந்துரை. ஆனால் ஆண்டுப் பரிசோதனையை அதற்காக விட்டுவிடாதீர்கள். ஊசி இல்லாத வருடத்தில் டாக்டரையே மறந்துவிடுவது பலர் செய்வது.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சோர்வு இருக்கும்போது ஊசி போட வேண்டாம். போட்டால் உடல் சரியாக எதிர்வினை காட்டாமல் போகலாம், பிறகு வரும் காய்ச்சல் எதனால் என்றும் தெரியாது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்குவது, தொடர்ந்து வாந்தி, ஈறு வெளுப்பது, தள்ளாடுவது எல்லாம் ஒவ்வாமை, சீக்கிரம் கவனித்தால் சமாளித்துவிடலாம். அன்று ஒருநாள் மந்தமாகப் படுத்திருப்பது சாதாரணம். பூனைக்கு ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து மூன்று மாதம் தாண்டியும் இருந்தாலோ, 2 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ கட்டாயம் காட்ட வேண்டும்.

சரி, தொடர் முடியும்வரை குட்டியை வீட்டிலேயே பூட்டி வைப்பதா? அதுவும் தப்பு. நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காமல், தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், குழந்தைகள், குடை பிடித்த ஆட்கள் எல்லாம் காட்டுங்கள். தடுப்பூசி முடித்த நாய் உள்ள நண்பர் வீட்டில் விளையாட விடலாம்.

6. தெள்ளு, உண்ணி, இதயப்புழு

முதலில் எச்சரிக்கை: நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நடுக்கம், வலிப்பு வந்து பூனை செத்துப்போகும். "கொஞ்சமாகத்தான் போட்டேன்" என்பது இதில் எடுபடாது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால், நாய்க்குப் போட்ட மருந்து காயும்வரை பூனையை அருகில் விடாதீர்கள், அல்லது பூனைக்கும் ஆகும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் காகிதத்தின் மேல் நாயை நிறுத்திச் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். வெறும் மண் அப்படிச் சிவக்காது.

முதுகில் விடும் சொட்டு மருந்தை முடியின் மேல் ஊற்றக் கூடாது. கழுத்துக்குப் பின்னால், நக்க எட்டாத இடத்தில், முடியை இரண்டு பக்கமும் விலக்கித் தோல் தெரிந்தபின் தோல்மேல் விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. பல மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவுகின்றன, ஷாம்பு அதைக் கழுவிவிடும்.

மருந்து போட்டும் தெள்ளு தெரிந்தால் மருந்தைத் திட்டாதீர்கள். தெள்ளின் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் விரிப்பிலும் தரை இடுக்கிலும்தான் கிடக்கின்றன, நாயின் மேல் தெரிவது ஒரு சிறு பங்கே. கூட்டுப்புழுவை மருந்து எட்டாது. விரிப்பைச் சுடுதண்ணீரில் துவைத்து, தரையை வாக்குவம் போட்டு, வீட்டிலுள்ள எல்லா விலங்குக்கும் விடாமல் மூன்று மாதமாவது மருந்து போட்டால்தான் சுழற்சி அறும். உண்ணியும் அப்படித்தான், பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்தக் கிருமிகள்தான் உண்மையான ஆபத்து. கண்ட உண்ணியை எண்ணெயோ நெருப்போ வைக்காமல், சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

வலிப்பு நோய் உள்ள நாயா? உண்ணி மாத்திரை வாங்கும் முன் அதைச் சொல்லுங்கள். கோலி வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து விஷயத்திலும் கவனம் வேண்டும், அவற்றில் பலவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் நுழைந்துவிடும்.

இதயப்புழு கொசுவால் வருவது. மாத மருந்து கொசுக்கடியைத் தடுப்பதில்லை, கடந்த சில வாரங்களில் உள்ளே வந்த இளம்புழுவைக் கொல்கிறது. அதனால் தேதி தவறினால் அந்த இடைவெளியில் வந்தது வளர்ந்துவிடும். 7 மாதம் தாண்டிய நாய்க்கு முதல் மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏற்கெனவே புழு இருந்தால் மருந்து கொடுப்பதே சிக்கலாகலாம்.

7. கருத்தடை

பூனையை 5 மாதத்துக்குள் செய்துவிடுங்கள். நான்கு மாதத்திலேயே சினைப்படும் பெண் பூனைகள் உண்டு. சிறிய நாய்களுக்கு ஆறு மாத அளவில், பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடிந்தபின் என்று பல டாக்டர்கள் தள்ளி வைக்கிறார்கள்.

ஒருமுறை குட்டி போடட்டும் என்று காத்திருப்பதில் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. அறுவை சிகிச்சை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்தால் அன்றே காட்டுங்கள்.

தையல் ஆறும்வரை, 10 முதல் 14 நாள், கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். பாவமாக இருக்கும்தான். ஆனால் தையலை நக்கிப் பிரிக்க ஒரு இரவு போதும். அதன்பின் சாப்பாட்டைச் சுமார் கால் பங்கு குறையுங்கள், உடலுக்கு முன்போல் தேவைப்படாது.

8. எடையும் பல்லும்

விலா எலும்பின் மேல் விரலை லேசாக ஓட்டுங்கள். விரித்த கையின் பின்புறத்தைத் தடவும்போது எலும்பு தட்டுப்படும் அளவுக்குத் தட்டுப்பட்டால் சரியான எடை. மடக்கிய முட்டியைப் போல் துருத்தினால் மெலிவு, தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால் பருமன். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார்களை இணைகளாக்கி, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. தின்பண்டம் ஒருநாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பல்லில் படியும் பசை சில நாளில் காரையாக இறுகிவிடும், இறுகியபின் பிரஷ் வேலை செய்யாது. அதனால் தினமும் தேய்க்க வேண்டும். முதல் வாரம் விலங்குகளுக்கான பற்பசையை விரலில் நக்கக் கொடுங்கள், பிறகு உதட்டைத் தூக்கி மேல்வரிசைப் பின்பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள். உட்பக்கம் நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மனிதப் பற்பசை வேண்டாம், அவை துப்பாமல் விழுங்கும், சில பற்பசைகளில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு.

9. வாரம் ஒருமுறை, அப்புறம் வயதானபின்

ஒரே கிழமையில், மூக்கிலிருந்து வால்வரை தொட்டுப் பாருங்கள்: காது நாற்றம், ஈறு நிறம், புதிய கட்டி, விரல் இடுக்கு. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30க்குக் கீழே இருக்க வேண்டும். ஆசனவாயில் பார்க்கும் சாதாரண வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்.

காத்திருக்கக் கூடாதவை: ஆண் பூனை மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வராதது, நாயின் வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பு வருவது, பூனை ஒருநாள் முழுக்க எதுவும் சாப்பிடாதது. வலி தெரிகிறது என்று வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூனை உள்ள வீட்டில் லில்லிப் பூ ஆகியவையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நாய்க்கு ஏழு வயது, பூனைக்குப் பத்து வயது தாண்டினால் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். பெரிய இன நாய்கள் இன்னும் சீக்கிரமே முதுமை அடையும். ரத்தம், சிறுநீர், பூனைக்கு ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பெரும்பகுதி பழுதானபிறகுதான் பூனை வெளியே காட்டும். அதற்கு முன் கிடைக்கும் தடயம் இரண்டே: தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாவது, நோட்டில் எடை 200, 300 கிராம் என்று மெல்ல இறங்குவது. நான்கு கிலோ பூனைக்கு அது பெரிய இறக்கம், அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள்.